வேர்க்க விடாத ஆறு மாதங்கள்

"இந்த ஆறு மாசத்துல எனக்கு ஒரு தடவகூட வேர்க்கலம்மா." 2015 பிப்ரவரியில், தென் மாவட்ட மருத்துவமனை ஒன்றின் இயன்முறை சிகிச்சைப் பிரிவில், ஒரு கொத்தனார், அவருக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த இயன்முறை சிகிச்சையாளரான என்னிடம் சொன்னது இது. அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. "எப்படிண்ணே இருக்கீங்க?" என்று நான் வழக்கம்போலக் கேட்டதற்கு அவர் தந்த பதில் அவ்வளவுதான். முப்பது ஆண்டுகள் வெயிலில் சாரத்தின் மேல் நின்று செங்கல் அடுக்கியவருக்கு, உடம்பு எப்படி இருக்கிறது என்று அறிந்துகொள்ள வேறு அளவுகோல் தேவைப்படவில்லை. பக்கவாதம் வந்தவர்களுக்குக் கடும் பயிற்சி கொடுக்கலாமா, கொடுப்பதென்றால் எப்போது தொடங்குவது என்ற பேச்சு எழும்போதெல்லாம், படித்த ஆய்வுகளுக்கு முன்னால் அவருடைய முகம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. அவர் விஷயத்தில் நான் இரண்டு தவறுகள் செய்தேன் என்று நம்புகிறேன். கூடாத நேரத்தில் மிகுதியாகச் செய்தது ஒன்று; வேண்டிய நேரத்தில் செய்யாமல் விட்டது மற்றொன்று. முதல் தவறுக்கு அன்றைக்கே தண்டனை கிடைத்தது. இரண்டாவதற்கு எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். இத்தனை ஆண்டுகளாக என்னை உறுத்துவது அந்த இரண்டாவதுதான்.

மூன்றாம் நாள்

அவருக்குப் பக்கவாதம் வந்தது 2014 ஆகஸ்டில். அப்போது வயது 52. காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவியிருக்கிறது. "வாய் கோணுது, பேச்சு குழறுது" என்று மனைவி பதறிய பிறகும், பித்தமாக இருக்கும், படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனைக்கு வந்து சேரும்போது ஒன்பது மணி நேரம் கடந்திருந்தது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால் அந்த வாய்ப்பு போயிற்று. மூளையின் இடப்பக்கத்தில் ரத்த ஓட்டம் அடைபட்டு, வலக்கையும் வலக்காலும் இழுத்துக்கொண்டிருந்தன. அன்று மாலையே அவருடைய கோப்பு என்னிடம் வந்தது.

அந்த ஆண்டுகளில் எங்கள் துறையில் நிலவிய நம்பிக்கையைச் சொல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது. எவ்வளவு சீக்கிரம் எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்பதே அது. அந்த நம்பிக்கைக்கு நல்ல காரணங்கள் இருந்தன. படுத்தே கிடப்பவருக்குப் படுக்கைப் புண் வரும், நுரையீரலில் சளி கட்டும், காலின் ரத்த நாளங்களில் ரத்தம் உறையும். மெல்பேர்ன் நகரில் ஜூலி பெர்ன்ஹார்ட் என்ற இயன்முறை ஆய்வாளரின் குழு, ஐந்து பக்கவாதப் பிரிவுகளில் பகல் முழுவதும் நோயாளிகளைக் கவனித்து 2004 இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. பகல் பொழுதில் பாதிக்கு மேல் அவர்கள் படுக்கையில்தான் கிடந்தார்கள். 60 சதவீத நேரம் பக்கத்தில் யாருமில்லாமல் தனியாக இருந்தார்கள். அதைப் படித்த எவருக்கும் மனம் பதைக்கும். அதே குழு 71 பேரைக் கொண்டு நடத்திய முன்னோட்ட ஆய்வு, 24 மணி நேரத்துக்குள் எழுப்பத் தொடங்குவது சாத்தியமானது, பாதுகாப்பானது என்று சொல்லியிருந்தது. என்னைப் போன்ற இளையவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

முதல் நாளிலேயே அவரை இருபது நிமிடம் உட்கார வைத்தேன். இரண்டாம் நாள் ஐந்து முறை நிற்க வைத்தேன். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, இருபுறமும் பிடித்துக்கொண்டு நடக்கும் கம்பிகளான பேரலல் பார் நடுவே நிறுத்தினேன். அவருடைய மனைவி பக்கத்தில் நின்று, "இன்னைக்கே நடக்க வச்சுருங்க டாக்டரம்மா, அடுத்த வாரம் தளம் போடுற வேலை ஒப்புக்கிட்டிருக்காரு" என்றார். அவருக்கும் நடந்துவிட வேண்டும் என்ற வெறி இருந்தது. அந்த வெறி எனக்கும் தொற்றியிருந்தது. நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். ஏழாவது முறையாக எழுந்து எட்டு அடி எடுத்து வைத்துத் திரும்பியபோது, அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. உழைப்பால் வந்த வியர்வை என்று நினைத்து, "இன்னும் நாலடிண்ணே" என்று சொன்னேன். தோளைப் பிடித்த பிறகுதான் தெரிந்தது, தோல் நனைத்த துணிபோலச் சில்லிட்டிருந்தது. உதடு வெளுத்தது. முந்தைய நாள் ஓரளவு தெளிந்திருந்த பேச்சு மறுபடியும் குழறியது. படுக்க வைத்துக் கால்களை உயர்த்திவிட்டு ரத்த அழுத்தம் பார்த்தேன். காலையில் 164 இருந்தது, 108க்கு இறங்கியிருந்தது.

ஒரு மணி நேரத்தில் பேச்சு திரும்பியது. ஆனால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எதையாவது பற்றும் சிறு பிடிமானம் ஒன்று முந்தைய நாள் தலைகாட்டியிருந்ததே, அது திரும்பி வரப் பதினோரு நாள் ஆயிற்று. மீண்டும் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை. "இது உன்னாலதான்னு சொல்ல முடியாதும்மா, முதல் சில நாள்ல தானாவே இப்படி ஏறி இறங்கும்" என்றார் நரம்பியல் மருத்துவர். அவர் சொன்னது உண்மை. இன்றுவரை எனக்கு அது ஆறுதலாக இருந்ததில்லை.

எட்டு மாதம் கழித்து, 2015 ஏப்ரலில், பெர்ன்ஹார்ட் குழுவின் பெரிய ஆய்வான 'அவெர்ட்' முடிவு லான்செட் இதழில் வெளிவந்தது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளில் 56 பக்கவாதப் பிரிவுகள், 2104 நோயாளிகள். ஒரு குழுவினரை 24 மணி நேரத்துக்குள், அடிக்கடியும் கூடுதல் நேரமும் எழுப்பினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. மூன்று மாதம் கழித்துப் பிறர் துணையின்றி வாழும் நிலையை எட்டியவர்கள் முதல் குழுவில் 46 சதவீதம், வழக்கமான குழுவில் 50 சதவீதம். இரண்டு குழுக்களும் முதன்முறை எழுந்த நேரத்தில் பெரிய வேறுபாடு இல்லை, ஒன்று 18.5 மணி நேரத்திலும் மற்றொன்று 22.4 மணி நேரத்திலும் எழுந்திருந்தது. வேறுபாடு அளவில்தான் இருந்தது: ஒரு பக்கம் நாளுக்கு 31 நிமிடம், மறுபக்கம் 10 நிமிடம். நான் அந்த நாற்பது நிமிடத்தை நினைத்துக்கொண்டேன்.

இதற்கு உடலியல் தரும் விளக்கம் கடினமானதல்ல. அடைபட்ட நாளத்துக்கு அப்பால் செத்துப்போன பகுதியைச் சுற்றி, அரை உயிரோடு ஊசலாடும் மூளைத் திசு ஒரு வளையமாக இருக்கும். நலமான மூளை, ரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தனக்கு வரும் ரத்தத்தை ஒரே சீராக வைத்துக்கொள்ளும். காயம்பட்ட பகுதியில் அந்தத் திறன் குலைந்துபோவதால், நிற்க வைத்து அழுத்தம் சரிந்தால் அந்த வளையத்துக்குப் போகும் ரத்தமும் கூடவே சரியும். எலிகளில் 1996 இல் செய்த ஒரு சோதனையும் உண்டு. மூளையில் காயம் ஏற்படுத்திய உடனே நல்ல முன்னங்காலைக் கட்டுப்போட்டு முடக்கி, பழுதான காலையே பயன்படுத்தும்படி வலிந்து செய்தார்கள். மூளையின் காயம் பெரிதானது. ஆகவே முதல் நாட்களில் உழைப்பையே தவிர்க்க வேண்டும் என்று இதற்குப் பொருளாகாது. அவெர்ட் தரவுகளையே மறுபடி அலசி மறு ஆண்டு வெளியிட்ட கட்டுரை, ஒவ்வொரு முறையும் குறைந்த நேரமாக, ஆனால் பல முறை எழுந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்றது. ஒன்பது நாடுகளில் 11,093 பேரைக் கொண்டு நடத்தி 2017 இல் வெளியிட்ட வேறோர் ஆய்வில், முதல் நாள் முழுக்கத் தட்டையாகப் படுக்க வைத்தவர்களுக்கும் தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தவர்களுக்கும் முடிவில் வேறுபாடு இல்லை. எழுப்புவது தவறல்ல, முதல் நாட்களில் ஒரே மூச்சில் நெடுநேரம் வாட்டியதுதான் தவறு.

பாராட்டுக் கிடைத்த காலம்

மூன்றாம் நாளின் குளிர்ந்த தோள் என் உள்ளங்கையிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பின் வந்த ஆறு மாதங்களில் அவரை நான் கண்ணாடிப் பாத்திரம்போலக் கையாண்டேன். மூட்டுகளை மெல்ல அசைத்துக் கொடுத்தேன், நிறுத்தினேன், சமநிலைப் பயிற்சி தந்தேன், பிறகு கைத்தடியோடு நடக்க வைத்தேன். முகத்தில் லேசாகச் சிவப்பேறினாலும் நாற்காலியை இழுத்துப் போட்டேன். வீட்டில் இதைவிடப் பத்திரம். மைத்துனர் கைத்தாங்கலாகக் கழிவறைக்குக் கூட்டிப்போவார், மனைவி ஊட்டிவிடுவார், கையில் அமுக்குவதற்கு ஒரு ரப்பர் பந்து, மாலையில் எண்ணெய் தேய்ப்பு. மூச்சு வாங்கினால், "போதும்யா, உட்காரு, இன்னொரு தடவ வந்துரப்போகுது" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இன்னொரு தடவை வந்துவிடும் என்ற அச்சம் பக்கவாதம் வந்த வீடுகளில் சொல்லாத நேரத்திலும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். "இந்த டாக்டரம்மா பொறுமையா, பக்குவமா பார்க்குறாங்க" என்று அவர்கள் ஊரிலிருந்து மேலும் இரண்டு பேரை என்னிடம் அனுப்பினார்கள்.

அந்தப் பொறுமையின் விலை என்னவென்று நான் பார்க்கத் தவறினேன். பக்கவாதம் தசையை மட்டும் முடக்குவதில்லை. படுக்கையிலும் நாற்காலியிலும் கழியும் வாரங்களில் இதயமும் நுரையீரலும் உழைக்கும் பழக்கத்தை இழக்கின்றன. உடலால் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று ஓர் அளவு உண்டு. பக்கவாதம் வந்தவர்களுக்கு அது அதே வயதுடைய நலமானவர்களின் அளவில் 26 முதல் 87 சதவீதம் வரைதான் இருக்கிறது என்று 2012 இல் வந்த தொகுப்பாய்வு சொல்கிறது. சீரற்ற நடையோ கூடுதல் ஆற்றலைத் தின்னும். கையிருப்பு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான். வீட்டுக்குள் நடப்பவர் தெருமுனைக்குப் போவதற்குள் களைத்துவிடுவது கால் பலவீனத்தால் மட்டும் அல்ல. சிகிச்சை அமர்வுகளை நேரில் கவனித்து எண்ணிய அமெரிக்க ஆய்வாளர் கேத்தரின் லாங்கின் குழு, ஒரு அமர்வில் நோயாளி எடுத்து வைக்கும் அடிகள் சராசரியாக 357 என்று 2009 இல் எழுதியது. அதைப் படித்த பிறகு என்னிடம் வந்தவர்களின் அடிகளை ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். பெரும்பாலான நாட்களில் 200ஐத் தாண்டவில்லை. பிள்ளையார் கோயிலைச் சுற்றுபவர் இதைவிட அதிகம் நடப்பார்.

இந்த நிலையில்தான் பிப்ரவரியில் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். அன்று அவருக்குப் பின் காத்திருந்த இருவரை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு, அவர் எதிரில் உட்கார்ந்தேன். "வேர்த்தா பயமா இருக்காதாண்ணே?" என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்தார். "அன்னைக்கு வேர்த்தது வேற. அது உள்ளேருந்து பயத்துல வந்த வேர்வை. வேலைல வர்ற வேர்வை சூடா இருக்கும்மா. அது வந்தாத்தான் ராத்திரி தூக்கம் வரும்" என்றார். மூன்றாம் நாள் என்ன நடந்தது என்று அவருக்கு நினைவிருக்கும் என்றே நான் எண்ணியிருக்கவில்லை. அதை அவர் எனக்கு எதிராக வைத்துக்கொள்ளவும் இல்லை. நான்தான் வைத்துக்கொண்டிருந்தேன். என்னுடைய அச்சத்தை அவருடைய பாதுகாப்பு என்று பெயர்மாற்றி, ஆறு மாதம் அவரிடமே கட்டணம் வாங்கியிருக்கிறேன் என்று அந்த நிமிடத்தில் எனக்குப் பட்டது.

சிமெண்ட் மூட்டை

மறுநாளே தொடங்கிவிடவில்லை. இதய மருத்துவரிடம் அனுப்பி ஈசிஜி, எக்கோ எடுக்கச் செய்தேன். மூளையில் ரத்தம் அடைபட்டவரின் இதய நாளங்களும் பழுதாகியிருக்கக்கூடும், அதைப் பாராமல் மூச்சு வாங்க வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவதற்குச் சமம். பயிற்சிக்கு முன் ரத்த அழுத்தம் 180ஐத் தாண்டியிருந்தால் அன்று பயிற்சி இல்லை என்று எழுதி வைத்தேன். அடுத்த சிக்கல், எவ்வளவு கடுமை என்று அளப்பது. வழக்கமாக 220இலிருந்து வயதைக் கழித்து, ஓய்வு நேர நாடித்துடிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு ஓர் இலக்கு வைப்போம். ஆனால் இவர் ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரொலால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்; அந்த மாத்திரை நாடியை ஏறவிடாது. என்ன உழைத்தாலும் அவருடைய நாடி சுமார் 110இல் நின்றுவிடும். ஆகவே ஸ்வீடனைச் சேர்ந்த குன்னர் போர்க் வகுத்த அளவைக் கையில் எடுத்தேன். 6இலிருந்து 20 வரை எண்கள். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே ஓர் எண் சொல்ல வேண்டும். 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இதற்கு மேல் ஒன்றும் முடியாது.

எண்கள் அவருக்குப் பிடிபடவில்லை. "ஆறுலேருந்து ஏம்மா ஆரம்பிக்குது?" என்று கேட்டார். நலமான ஒருவர் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்பு ஏறத்தாழ வந்துவிடும் என்பதற்காக அப்படி வைத்தார்கள் என்று விளக்கினேன். அது அவருக்குத் தேவைப்படாத விளக்கம். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, "நீங்க சொல்லுங்கண்ணே, நான் எழுதுறேன்" என்றேன். அரை மணி நேரம் யோசித்து யோசித்துச் சொன்னார். 6: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மரத்தடியில் உட்கார்ந்திருப்பது. 9: மட்டப்பலகை பிடிப்பது. 11: மணல் சலிப்பது. 13: கலவை போடுவது. 15: சிமெண்ட் மூட்டையைத் தோளில் வைத்து முதல் மாடிக்கு ஏற்றுவது. 17: தளம் போடும் நாள். 20க்கு அவர் எதுவும் சொல்லவில்லை. "அது வேணாம்" என்று தலையசைத்தார்.

எங்கள் பிரிவின் நடைபாதை 25 மீட்டர். தரையில் மூன்று மீட்டருக்கு ஒரு பட்டை ஒட்டினேன். இடுப்பில் பெல்ட் கட்டி, அவருடைய வலப்பக்கம் அரை அடி பின்னால் நான் நடந்தேன். முப்பது விநாடி, அவரால் தடுமாறாமல் போக முடிந்த மிக விரைவான நடை. ஒரு நிமிடம் நிற்றல். மறுபடி முப்பது விநாடி. முதல் நாள் ஆறு சுற்றுகள். மனைவி கதவோரம் நின்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு பார்த்தார். நான்காவது சுற்றின் முடிவில் அவருடைய மூச்சு சத்தமாகக் கேட்டது. "எத்தனைண்ணே?" என்றேன். "மூட்டைய தூக்கிட்டேன், இன்னும் படி ஏறல" என்றார். ஆறாவது சுற்றில் வலக்கால் தரையைத் தேய்த்தது. பெல்ட்டை இறுக்கிப் பிடித்தேன், விழவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபோது பிடரியிலிருந்து சட்டைக்குள் வியர்வை இறங்கியது. பிடரியில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. ரத்த அழுத்தம் 158. கதவோரம் நின்ற அவருடைய மனைவியைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, துண்டு கொண்டாங்க" என்றேன். அவர் கொண்டுவந்த துண்டைக் கணவர் இடக்கையால் வாங்காமல் வலக்கையை நீட்டினார்.

வாரம் மூன்று நாள், பன்னிரண்டு வாரம். ஆறு நிமிடத்தில் 216 மீட்டர் நடந்தவர், முடிவில் 284 மீட்டர் நடந்தார். ஒற்றை மனிதரின் கணக்கை நான் சான்றாக வைக்கவில்லை. ஆனால் பின்னர் வந்தவை எனக்குத் துணை நின்றன. பக்கவாதம் வந்து ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் இருந்த 32 பேரில் ஒரு பகுதியினருக்கு ஜார்ஜ் ஹார்ன்பி குழு கடுமையான நடைப் பயிற்சி தந்து, வழக்கமான சிகிச்சையைவிட நடையில் தெளிவான முன்னேற்றம் கண்டது, அது 2016. அமெரிக்காவின் மூன்று மையங்களில் பியர்ஸ் பாய்ன் குழு, பக்கவாதம் வந்து ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை ஆன 55 பேரைக் கொண்டு, குறுகிய விரைவு நடைச் சுற்றுகளையும் மிதமான தொடர்நடையையும் ஒப்பிட்டது. பன்னிரண்டு வாரத்தில் ஆறு நிமிட நடைத் தொலைவு விரைவுக் குழுவில் சராசரியாக 71 மீட்டர் கூடியது. மிதக் குழுவில் 27 மீட்டர். 2023 இல் அதைப் படித்தபோது, அந்த முப்பது விநாடிச் சுற்றுகளில் எங்கள் நடைபாதைப் பட்டைகளைக் கண்டேன்.

இடைப்பட்ட வாரங்களைப் பற்றித்தான் நான் இன்னும் தயங்குகிறேன். ஜெர்மனியில் நடத்தி 2019 இல் வெளியிட்ட ஆய்வில், பக்கவாதம் வந்து 5 முதல் 45 நாட்களுக்குள் இருந்த 200 பேரில் ஒரு பகுதியினருக்கு வாரம் ஐந்து நாள் டிரெட்மில் பயிற்சி தந்தார்கள். அதுவும் மிதமான அளவில்தான். நடை வேகம் மற்றவர்களைவிடக் கூடவில்லை. கடுமையான உடல்நலப் பாதிப்புகள் அந்தக் குழுவில் கூடுதலாகப் பதிவாயின. அந்தக் கூடுதல் தற்செயலானதா என்று அறுதியிட்டுச் சொல்ல எண்ணிக்கை போதாது. ஆனாலும் முதல் மாதத்தில் என் கை தானாகவே பின்வாங்குவதற்கு அது போதும். கைப் பயிற்சி குறித்து அலெக்சாண்டர் டிராமெரிக் குழு 72 பேரைக் கொண்டு 2021 இல் வெளியிட்ட முடிவும் இதே திசையைக் காட்டுகிறது: கூடுதலாகத் தந்த இருபது மணி நேரப் பயிற்சி, இரண்டு முதல் மூன்று மாதம் ஆனவர்களுக்கே அதிகம் பயன்பட்டது, ஆறு மாதம் கடந்தவர்களுக்குத் தெளிவான பயன் தெரியவில்லை. கை வேறு, நடை வேறு என்பதை மறக்கவில்லை. ஆனால் அந்த மூன்றாம் மாதத்தில் கொத்தனாரின் வலக்கைக்கு நான் கொடுத்திருந்தது ஒரு ரப்பர் பந்து.

வாரத்துக்கு ஒரு குடும்பமாவது இன்றும் என்னிடம் முதல் நாளே நடக்க வைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறது. அதே குடும்பம் மூன்றாம் மாதத்தில் மூச்சு வாங்குவதைக் கண்டு அழுகிறது. முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைத்துப் படுக்க வைக்கிறேன். அதை ஒரு நாளில் ஐந்தாறு முறை செய்கிறேன். ஒவ்வொரு முறையும் அழுத்தம் பார்க்கிறேன். "இவ்வளவுதானா?" என்று கேட்கும் மகன்களிடம், மூன்றாம் மாதம் வரும்போது நீங்களே என்னை நிறுத்தச் சொல்வீர்கள், அப்போது நான் நிறுத்த மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

கொத்தனார் மறுபடி சாரம் ஏறவில்லை. கீழே நின்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, இளையவர்களை வேலை வாங்குகிறார். அவர் சொல்ல நான் எழுதிய அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையிட்டுச் சிகிச்சை அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். வருபவர்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் கணக்கைச் சொல்கிறார்கள்; ஓரத்தில் எழுதிக்கொண்டே வருகிறேன். சென்ற மாதம், பக்கவாதம் வந்து பத்து வாரம் ஆன, பூக்கட்டும் அம்மா ஒருவர், 15க்கு எதிரே எழுதியிருந்த சிமெண்ட் மூட்டையை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "எனக்கு அது தெரியாது தாயி. ரெண்டு குடம் தண்ணி, இடுப்புல ஒண்ணு தலைல ஒண்ணு, மேட்டுத் தெரு வரைக்கும்னு எழுதிக்கோ" என்றார். எழுதினேன். பிறகு பெல்ட்டை எடுத்து அவர் இடுப்பில் கட்டினேன்.